எதிர்முள் இல்லாத தூண்டில்



உங்கள் சமையலறை அலுமாரியின் ஒரு மூலையில் கொஞ்சம் மாசி நிச்சயமாக இருக்கும். தேங்காய்ச் சம்பலுக்கு வெங்காயமும் செத்தல் மிளகாயும் இடிக்கும்போது அதில் ஒரு துண்டைச் சேர்த்து இடித்தால்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு இறங்கும். இப்போது நம் நாட்டிலும் மாசி செய்கிறார்கள். என்றாலும் அது மாலைதீவின் பழைய சரக்கு என்பது உங்களுக்குத் தெரியும். சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, வெயிலில் காயவைத்து, கட்டை போல் இறுகியதும் கப்பலேற்றி அனுப்புவார்கள்.

அந்த மீனை எந்தத் தூண்டிலால் பிடிக்கிறார்கள் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நானும் நினைத்ததில்லை. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மாலைதீவின் பவளப் பாறைகளுக்கு நடுவே ஒரு படகில் கழித்தேன். அன்று அந்தத் தூண்டிலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டில் மாசி இடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாளும், அன்று என் மகன் இருந்த இருப்பும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இம்மாதம் அந்த நாளின் கதையையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கதையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு அதில் ஏதாவது பயன் கிடைக்கலாம்.

அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்தன. என் மூத்த மகனுக்கு அப்போது வயது 16. கணிதம் சித்தியில்லை. ஆங்கிலமும் இல்லை. நான் ஓர் ஆசிரியன். ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் படிப்பித்தே தலை நரைத்தவன். என் வீட்டுப் பிள்ளையே தவறிவிட்டது என்றால் நான் எந்த முகத்தோடு பள்ளிவாசல் முன்றலில் நிற்பது? அன்று மாலை உறவினர் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேநீர் கொண்டுவந்து வைத்த மகனைப் பார்த்து, எல்லோரும் கேட்க, நான் சொன்னேன்:

"இவனைப் படிப்பிச்ச காசுக்கு நாலு மாடு வாங்கி விட்டிருந்தா, இன்டைக்குப் பாலாவது மிஞ்சியிருக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மகன் தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக அவன் என்னோடு பேசவில்லை. கேட்டால் "ம்" என்பான். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். வீட்டாரோ அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "புள்ளய ஒரு நாலு நாளைக்கு எங்கட நானாகிட்ட கூட்டிட்டுப் போங்களேன்."

அவருடைய நானா, அதாவது என் மச்சான், மாலைதீவில் வாவு அட்டோலில் ஒரு சிறு தீவில் சமையற்காரராக இருந்தார். 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே உல்லாசத் தீவுகளில் மட்டுமல்லாமல், மக்கள் வாழும் ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் நடத்த அனுமதி வந்தது. அப்படியொரு விடுதியில்தான் அவருக்கு வேலை. புத்தாண்டு விடுமுறையோடு சேர்த்துச் சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் மகனும் புறப்பட்டோம். கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து விரைவுப் படகில் தெற்கே ஏறத்தாழ அதே அளவு நேரம். வழி முழுவதும் மகன் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

சகோதரிகளே, மாலைதீவு நமக்கு அந்நியமான இடமல்ல. அந்த மக்கள் பேசும் திவெஹி மொழி சிங்களத்தோடு இரத்த உறவுள்ளது. நாடுகாண் பயணியான இப்னு பதூதா 1343ஆம் ஆண்டளவில் அங்கே சென்று காழியாகப் பணி செய்தார். அடுத்த ஆண்டு அங்கிருந்துதான் கடல் கடந்து வந்து நம் நாட்டில் பாவா ஆதம் மலை ஏறினார். நம் சம்பலில் போடும் மாசியைப் பற்றியும், அதைப் புகை போட்டு எப்படிப் பதப்படுத்துகிறார்கள், எந்தெந்த நாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்பது பற்றியும் அவர் தம் பயண நூலில் எழுதிவைத்திருக்கிறார். உலகம் முழுவதும் வட்டமான பவளத் தீவுக் கூட்டத்தைக் குறிக்க வழங்கும் 'அட்டோல்' என்ற சொல்லே திவெஹி மொழியிலிருந்து போனதுதான்.

மச்சானிடம் தூண்டில் தடிகள் இரண்டும், ஒரு பெட்டி நிறையப் போலி இரைகளும் இருந்தன. விடுதிக்கு வந்துபோன ஒரு வெளிநாட்டார், நாடு திரும்பும்போது அன்பளிப்பாக விட்டுச்சென்றவை. போலி இரை என்றால் மரத்திலோ பிளாஸ்ரிக்கிலோ செய்து, மீனைப் போல் நிறம் தீட்டி, வயிற்றுக்குக் கீழே மும்முனை முள் தொங்கவிட்ட ஒரு பொம்மை. சிலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் விளையாடக் கேட்பார்கள், அவ்வளவு அழகு. அந்தப் பெட்டியைத் திறந்த நேரத்தில்தான் இரண்டு கிழமைக்குப் பிறகு முதன்முதலாக மகனின் முகத்தில் வெளிச்சத்தைக் கண்டேன். "மாமா, இதுகள எப்படிப் பாவிக்கிற?" என்று கேட்டான். என்னிடம் அல்ல, மாமாவிடம்.

மறுநாளுக்கு மறுநாள் ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். படகுக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். மீன்பிடிப் படகின் தலைவரை அங்கே 'கெயொளு' என்று அழைக்கிறார்கள். இவர் இளமை முழுவதும் சூரை பிடிக்கும் தோணிகளில் கெயொளுவாக இருந்து ஓய்ந்தவர். தாயாரின் வைத்தியத்துக்காகக் கொழும்பில் பல மாதங்கள் தங்கியிருந்ததால் சிங்களம் ஓரளவு பேசுவார். எனக்கும் அதுவே வசதியாயிற்று.

படகு அவிழ்க்கும் முன் அவர் செய்த முதல் வேலை எனக்கு விளங்கவில்லை. போலி இரைகளை எல்லாம் பலகையில் பரப்பச் சொன்னார். ஒரு குறட்டை எடுத்து என் மகனின் கையில் கொடுத்தார். ஒவ்வொரு முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால், பின்னோக்கிச் சாய்ந்தபடி ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். தையல் தெரிந்த உங்களுக்குச் சொல்வதானால், பின்னல் ஊசியின் நுனிக் கொக்கி போல. உள்ளே போகும்போது அது தடுக்காது. வெளியே வரும்போதுதான் சதையைக் கிழித்துக்கொண்டு நிற்கும். அந்த எதிர்முள் அத்தனையையும் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கும்படி சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படிச் செய்தால் பிடிபட்ட மீன் கழன்று போய்விடாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நாங்கள் சூரை பிடிக்கும் தூண்டிலில் எதிர்முள் கிடையாது. எங்கள் பாட்டன் காலத்திலும் இல்லை" என்றார். பிறகு விளக்கினார். தோணியின் பின்பக்கம் வரிசையாக நின்றுகொண்டு, உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசுவார்கள். தண்ணீரையும் மழை போல் தெளிப்பார்கள். சூரைக் கூட்டம் வெறிகொண்டு மேலே வரும். அப்போது பளபளக்கும் வெறும் முள்ளைத் தண்ணீரில் போட்டதும் அது பாய்ந்து கவ்வும். தடியை ஒரு வீச்சு வீசினால் மீன் தலைக்கு மேலாகப் பறந்து வந்து தோணிக்குள் விழும். கயிறு தளர்ந்த அந்தக் கணத்திலேயே முள் தானாகக் கழன்றுவிடும். கழற்றிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. முள் மறு விநாடி மீண்டும் கடலில்.

"கயிறு இறுக்கமாக இருக்கும்வரை மீன் கழராது. கயிற்றை நீங்கள் தளரவிட்டால்தான் கழரும். மீனைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் கை. எதிர்முள் அல்ல" என்று அவர் சொன்னபோது நான் அதைத் தொழில்காரரின் பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். மகன் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு முள்ளாக நசுக்கிக்கொண்டிருந்தான். முடிந்ததும், விரல் நுனியால் தடவித் தடவிச் சரிபார்த்தான். வீட்டில் ஒரு கொப்பியை ஒழுங்காக அடுக்கி வைக்காத பிள்ளை!

அரை மணித்தியால ஓட்டத்தில் அட்டோலின் விளிம்புக்கு வந்தோம். சுழியோடிகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட கால்வாய்கள் சில அந்தப் பக்கம் உண்டு. அவற்றைக் கெயொளு சுற்றிக்கொண்டு போனார். கடலின் நிறத்தைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லலாம். பாறை மேலே இருக்கும் இடம் தேயிலைச் சாயம் போல் மண்ணிறம். அதை அடுத்து இளம்பச்சை. பிறகு, வீட்டு வாசலில் படி இறங்குவது போல் திடீரென்று கருநீலம். அந்தப் படிக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம் என்றார்கள்.

அது றஜப் மாதத்தின் கடைசி நாட்கள். பிறை மறையும் நாட்களில் கடலில் வற்றும் பெருக்கும் அதிகம். அதனால் நீரோட்டமும் வலுக்கும். வெளிக்கடலின் தண்ணீர் பவளப் பாறைகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களால் அட்டோலுக்குள் பாயும்போது சிறு மீன்கள் பாறை விளிம்பில் ஒதுங்கும். அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வந்து காத்திருக்கும். சந்தை கூடும் இடத்தில் வியாபாரி நிற்பது போலத்தான். தூண்டில் போடுகிறவனும் அந்த விளிம்புக்கே குறி வைக்கிறான்.

போலி இரைக்கு வாசனை இல்லை, சுவை இல்லை. பின் எப்படி மீன் ஏமாறுகிறது? பின்லாந்து நாட்டில் லாரி றப்பலா என்று ஒரு மீனவர் இருந்தார். சிறு மீன் கூட்டத்தில் எது காயப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்து நீந்துகிறதோ, அதையே பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்பதை அவர் கவனித்தார். 1936ஆம் ஆண்டில் தக்கைக் கட்டையைச் செதுக்கி, சொக்லேட் சுற்றிவரும் மினுக்குத் தாளை ஒட்டி, அப்படிச் சாய்ந்து நெளிந்து நீந்தும் ஒரு பொம்மை மீனைச் செய்தார். இன்று உலகெங்கும் அவர் பெயரில் போலி இரைகள் விற்பனையாகின்றன. நம் மீனவர்களும் 'றப்பலா' என்றே சொல்கிறார்கள். மகனின் பெட்டியில் இன்னொரு வகையும் இருந்தது. அதற்கு முன்பக்கம் கிண்ணம் போல் குழிந்திருக்கும். தண்ணீரின் மேலே மிதக்கும். தடியை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் 'பொளக்' என்ற சத்தத்தோடு தண்ணீரை வாரி இறைக்கும். உயிருக்குத் தப்பியோடும் சிறு மீனின் பதற்றம் அதில் அப்படியே தெரியும்.

காலை எட்டு மணிக்குள் மகன் நீலத் துடுப்புப் பாரை ஒன்றும், இரண்டு செப்பிலியும், ஒரு களவாவும் பிடித்துவிட்டான். எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. நான் வீசுவது பத்து யார் தூரத்தில் விழும். அவன் வீசுவது பாறை விளிம்பிலேயே போய்க் குந்தும். நான் அவசரமாக இழுப்பேன். அவன் இழுத்து, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி இழுப்பான். "நிறுத்தும்போதுதான் மீன் வருது வாப்பா" என்றான். இரண்டு கிழமையில் அவன் என்னிடம் சொன்ன முதல் முழு வசனம் அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய நான், மகன் எனக்குப் படிப்பிப்பதா என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணத்தோடுதான், என்னாலும் முடியும் என்று காட்ட, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் தடியை முழுப் பலத்தோடு வீசினேன்.

இரை முன்னால் போகவில்லை. பின்னால் எதிலோ மாட்டியது. திரும்பிப் பார்த்தேன். மகனின் இடது தோளுக்குக் கீழே, சட்டையையும் சேர்த்துத் தைத்தபடி, மும்முனை முள்ளில் ஒரு முனை சதைக்குள் புதைந்திருந்தது.

சகோதரிகளே, பிள்ளையின் உடம்பில் முள் ஏறியதைப் பார்த்த தகப்பனின் நிலையை நான் எழுதத் தேவையில்லை. என் கை கால் எல்லாம் நடுங்கின. அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "வாப்பா, தடிய ஆட்டாதீங்க" என்றான். கெயொளு பதறாமல் வந்தார். முதலில் தங்கூசியை வெட்டினார். சட்டையைக் கத்தரியால் விலக்கினார். முள்ளின் தண்டை ஒரு விரலால் தோலோடு அழுத்திக்கொண்டு, அது எந்த வழியால் உள்ளே போனதோ அதே வழியால் மெல்லப் பின்னுக்கு எடுத்தார். ஊசி கழன்று வருவது போல் வந்துவிட்டது. இரண்டு சொட்டு இரத்தம். அவ்வளவுதான்.

மச்சான் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். கெயொளு அந்த முள்ளை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "எதிர்முள் இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். இழுத்தால் சதையோடுதான் வரும். கட்டுப் போட்டு வைத்தியரிடம்தான் கொண்டுபோக வேண்டும்" என்றார். உங்கள் வீடுகளிலும் தூண்டில் போடும் ஆண்கள், பிள்ளைகள் இருப்பார்கள். எதிர்முள்ளுள்ள தூண்டில் ஏறினால் இழுத்துப் பறிக்கவே கூடாது. அப்படியே அசையாமல் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எந்த முள்ளாக இருந்தாலும் ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். நாங்களும் அன்று மாலை தீவின் சுகாதார நிலையத்தில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டோம்.

திரும்பிவிடுவோம் என்று நான் சொன்னேன். மகன் கேட்கவில்லை. "ஒன்டுமில்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்" என்றான். கெயொளுவும், நீரோட்டம் திரும்பும் நேரம், பெரிய பாரை வரும் என்றார். நான் என் தடியைச் சுருட்டி வைத்துவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். அன்றைய பொழுதில் நான் செய்த முதல் நல்ல காரியம் அது என்று இப்போது தோன்றுகிறது.

உட்கார்ந்ததால்தான் மகனைப் பார்க்க முடிந்தது. வீசுமுன் ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பிப் பார்த்தான். காற்று எந்தப் பக்கம் என்று கவனித்தான். ஐந்து முறை, பத்து முறை, முப்பது முறை வீசியும் ஒன்றும் வரவில்லை. அவன் முகம் சலிக்கவில்லை. கணிதக் கொப்பிக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருக்க மாட்டான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பிள்ளை இவன்தானா?

அப்போது அந்தக் கிண்ண முக இரைக்குப் பின்னால் தண்ணீர் கிழிந்தது. ஒரு பெரிய கல்லைத் தூக்கிக் கடலில் போட்டது போல் ஒரு சத்தம். தடி வில்லாய் வளைந்தது. றீல் அலறியது. பெரும்பாரை! ஐந்தரை அடி நீளமும் 80 கிலோ பாரமும் வரை வளரக்கூடிய இனம் அது. தாழப் பறக்கும் கடற்பறவைக் குஞ்சுகளைத் தண்ணீரிலிருந்து பாய்ந்து விழுங்கும் பாரைகளைச் செய்ஷெல்ஸ் தீவுகளில் படம் பிடித்திருக்கிறார்கள்.

"இழு! விடாதே! இழு!" என்று நான் எழுந்து கத்தினேன். கெயொளு என் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். பிறகு மகனிடம் மெல்லிய குரலில் சொன்னார்: "அது ஓடும்போது விட்டுக்கொடு. அது நிற்கும்போது நீ எடு. கயிறு மட்டும் தளரக்கூடாது."

பாரை பவளப் பாறையை நோக்கியே ஓடும். கயிறு பாறையில் உரசினால் அறுந்துவிடும். கெயொளு படகை ஆழத்துப் பக்கம் மெல்ல நகர்த்தினார். மகன் விட்டுக்கொடுத்தான். எடுத்தான். மறுபடி விட்டுக்கொடுத்தான். தோளில் மருந்துத் துணி நனைந்திருந்தது. நான் பின்னால் நின்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அவன் உடம்பு நடுங்குவது தெரிந்தது. ஆனால் அவன் கை நடுங்கவில்லை. ஏறத்தாழ 25 நிமிடங்கள். கடைசியில் கருநீலத்துக்குள்ளிருந்து வெள்ளித் தட்டம் போல் அது மேலே வந்தது.

மச்சான் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு நீளத்தை அளந்துகொண்டார். கரையில் பார்த்தபோது 112 சென்ரிமீற்றர் இருந்தது. 25 கிலோ வரும் என்றார் கெயொளு.

"என்ன செய்ய?" என்று அவர் என்னைக் கேட்கவில்லை. மகனைத்தான் கேட்டார். உணவுக்கு மீன் இருக்கிறது. கடலுணவு நமக்கு ஆகுமானது என்பதில் கேள்வி இல்லை. ஆனால் பவளப் பாறையில் வாழும் இவ்வளவு பெரிய இரைகொல்லி மீன்களின் உடம்பில் சில கடல்களில் ஒருவகை நஞ்சு சேர்ந்திருக்கும். பாறையில் படரும் நுண்ணிய பாசியைத் தின்ற சிறு மீன், அதைத் தின்ற பெரிய மீன் என்று படிப்படியாக ஏறிவரும் நஞ்சு அது. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. மணத்தாலும் அறிய முடியாது. மீன் வாங்கும் நீங்களும் பாறைக் கடலில் பிடித்த மிகப் பெரிய மீனைவிட நடுத்தர மீனை விரும்புவது நல்லது. கெயொளு இதையும் சொன்னார். குஞ்சு பொரிக்க விடவேண்டிய மீன் என்பதையும் சொன்னார். தீர்ப்பை மகனிடம் விட்டார்.

மகன் கொஞ்ச நேரம் அந்த மீனையே பார்த்தான். "விடுவோம்" என்றான்.

எதிர்முள் இல்லாததால் முள் ஒரு திருப்பில் கழன்றது. மகன் படகோரம் படுத்து, நனைந்த கைகளால் மீனின் வாலடியையும் வயிற்றையும் தாங்கி, நீரோட்டத்துக்கு முகம் கொடுத்துப் பிடித்திருந்தான். செவுள் திறந்து மூடியது. உடனே தள்ளிவிடக்கூடாது, களைத்த மீன் மூழ்கிச் செத்துவிடும், அதுவாக உதறும்வரை பிடித்திருக்க வேண்டும் என்றார் கெயொளு. இரண்டு நிமிடம் சென்றிருக்கும். வால் ஓர் அடி அடித்தது. என் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். அது போய்விட்டது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அன்று இரவு மருந்துத் துணியை மாற்றிக்கொண்டிருந்தேன். காயம் ஒரு மிளகு அளவுதான் இருந்தது. "நோகுதா மகன்?" என்று கேட்டேன்.

"இது நோகல்ல வாப்பா" என்றான்.

'இது' என்ற அந்த ஒரு சொல்லில் நான் உட்கார்ந்துவிட்டேன். எது நோகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. உறவினர் முன்னிலையில், தேநீர்த் தட்டம் ஏந்தி நின்ற பிள்ளையின் மேல் நான் வீசிய வார்த்தை என் காதில் திரும்பக் கேட்டது. அன்று காலையில் படகில் வீசியது போலவே அதையும் பின்னால் யார் நிற்கிறார் என்று பாராமல்தான் வீசியிருந்தேன். படகில் வீசிய முள் கழன்றுவிட்டது. வீட்டில் வீசியது இரண்டு கிழமையாகக் கழராமல் கிடந்தது. அதில் எதிர்முள் இருந்தது.

"மகன், நான் அன்டைக்குச் சொன்னது பிழை. எல்லாருக்கும் முன்னால சொன்னது அதைவிடப் பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். ஆயிரம் பேருக்கு முன்னால் நின்று பேசிய நாக்கு, அந்த மூன்று வசனத்தையும் சொல்லப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. துணியைக் கட்டி முடிக்கும்வரை தோளை என் பக்கமே சாய்த்து வைத்திருந்தான்.

ஊருக்கு வந்ததும், அன்று வீட்டுக்கு வந்திருந்த அதே உறவினர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். அவர்கள் முன்னிலையில் பாரையின் கதையைச் சொன்னேன். முள் குத்தியது யாருடைய தவறு என்பதையும் சேர்த்தே சொன்னேன். மகன் அடுத்த முறை கணிதத்தில் சாதாரண சித்தி பெற்றான். பெரிய பட்டதாரி ஆகவில்லை. இன்று பேருவளையில் படகு இயந்திரம் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். அவன் கை பட்ட இயந்திரம் நடுக்கடலில் நிற்காது என்று மீனவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

சகோதரிகளே, பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முள் இல்லாமல் தூண்டில் இல்லை. தவறு செய்த பிள்ளைக்கு அது தவறு என்று உறைக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிப்பு வேறு, அதில் நாம் சேர்த்து வைக்கும் எதிர்முள் வேறு. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது ஓர் எதிர்முள். விருந்தாளி முன்னால் சொல்வது ஓர் எதிர்முள். போன வருடத்துத் தவறை இந்த வருடத்துத் தவறோடு முடிந்து எடுப்பது, பட்டப்பெயர் வைப்பது, தின்ற சோற்றுக்குக் கணக்குச் சொல்வது, இவை எல்லாம் எதிர்முட்கள். சொன்ன விஷயம் மறந்துபோகும். இவை மட்டும் சதைக்குள் நிற்கும். பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்து, என் மகன் குறட்டோடு உட்கார்ந்து செய்தது போல், இவற்றை நசுக்கிவிட்டு, நாவால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

அப்படியானால் பிள்ளை கழன்று போய்விடாதா என்று பயப்படுகிறீர்களா? நானும் அதையேதான் அந்தக் கெயொளுவிடம் கேட்டேன். கயிறு தளராமல் இருந்தால் போகாது. அது ஓடும்போது கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். நிற்கும்போது மெல்ல எடுங்கள். தினமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கயிறு என்பது அதுதான்.

நாளைக் காலை சம்பலுக்கு மாசி இடிக்கும்போது அந்தத் துண்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதில் முள் குத்திய இடம் எங்கே என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.